சப்மிட் என்ற பெயருள்ள பொத்தான்: வலைப்படிவக் கட்டங்களுக்குப் பேர் வைத்த கதை

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். தெரிந்தவர்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளை, கல்வி உதவித்தொகைக்கு வலைப்பக்கத்தில் விண்ணப்பப் படிவம் வைத்திருந்தது. பசங்க கைபேசி எண்ணை ஒன்பது இலக்கமாகவும் பதினொன்றாகவும் போட்டு அனுப்புகிறார்கள், திருப்பிக் கூப்பிட முடியவில்லை, அனுப்பும் முன்பே சரிபார்க்க வழி உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். பத்து நிமிஷ வேலை. 'அனுப்பு' பொத்தானைச் சாதாரணப் பொத்தானாக மாற்றினேன். அமுக்கினால் என் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணைச் சரிபார்க்கும், பத்து இலக்கம் இருந்தால் படிவத்துக்கு 'போ' என்று உத்தரவு கொடுக்கும். தப்பான எண் போட்டுப் பார்த்தேன், அழகாகத் திட்டியது. சரியான எண் போட்டுப் பார்க்கவில்லை. தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மதியம் ஒரு அப்பா பிரவுசிங் சென்டரில் இருந்து போன் செய்திருக்கிறார். "பட்டனை அமுக்குறோம் சார், ஒண்ணுமே ஆகல." அதற்குள் எத்தனை பேர் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்களோ. நான் திறந்து பார்த்தால் எக்ஸ்புளோரரின் இடது கீழ் மூலையில் ஒரு குட்டி மஞ்சள் முக்கோணம். அதை இரண்டு முறை சொடுக்கினால்தான் குற்றச்சாட்டு தெரியும்: இந்தப் பொருளுக்கு அப்படி ஒரு செயல் கிடையாதாம்.

என்னடா இது! சப்மிட் என்ற செயல் எல்லாப் படிவத்துக்கும் பிறவியிலேயே உண்டு. அது எப்படி இல்லாமல் போகும்?

வீட்டில் ஒரு பையனுக்கு 'டாக்டர்' என்று செல்லப்பேர் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பாட்டிக்கு நெஞ்சு வலிக்கிறது, "டாக்டரைக் கூப்பிடு" என்று கத்துகிறோம். ஓடி வந்து நிற்பது யார்? நடந்தது அதுதான். அந்தப் பொத்தானுக்கு ஹெச்டிஎம்எல்லில் வைத்திருந்த பெயர் 'சப்மிட்'. நான் 'சப்மிட்' என்று கூப்பிட்டபோது படிவத்தின் செயல் வரவில்லை, பொத்தான் வந்து நின்றது.

படிவத்துக் கட்டத்துக்கு என்ன பேர் வைக்கலாம், எது கூடாது என்று எங்காவது சட்டம் எழுதியிருக்கிறதா? அன்று ராத்திரி தேட ஆரம்பித்தது, விட்டு விட்டு இன்றுவரை தொடர்கிறது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

பெயர் முதலில் எதற்காக வந்தது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். 1993-இல் மொசைக் பிரவுசரில் படிவங்கள் வந்தபோது பக்கத்துக்குள் ஓடும் நிரல் என்ற ஒன்றே கிடையாது. பிரவுசர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிரப்பியதை மூட்டை கட்டி சர்வருக்கு அனுப்புவது. மூட்டையில் எது என்ன என்று சர்வருக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு ஒட்டிய சீட்டுதான் பெயர். பெயர், சமக்குறி, நிரப்பிய மதிப்பு. அடுத்த கட்டத்துக்கு முன்னால் ஒரு 'அண்ட்' குறி. இடைவெளி இருந்தால் கூட்டல் குறி. கல்யாண மண்டபத்துக்கு வாடகைப் பாத்திரம் போகும்போது பெயிண்டால் பேர் எழுதுவது போல. எழுதுகிறவரும் திரும்பி வந்ததும் படிக்கிறவரும் ஒரே கடைக்காரர்தான். நடுவில் தூக்கிப் போகிற வண்டிக்காரருக்கு அது என்ன பேரானால் என்ன?

அதனால் விதியே தேவைப்படவில்லை. 1995 நவம்பரில் ஹெச்டிஎம்எல் 2.0 ஆர்எஃப்சி 1866 என்ற எண்ணோடு வெளிவந்தது. டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதியது. அதிலும் கட்டத்தின் பெயர் வெறும் எழுத்துச் சரம்தான். எண்ணில் தொடங்கலாம், நடுவில் புள்ளி வைக்கலாம், இடைவெளி விடலாம். பிறகு யூனிகோடு வந்தபின் தமிழிலேயே 'பெயர்' என்று பேர் வைக்கவும் தடை இல்லை. என்ன, மூட்டை கொஞ்சம் பருத்துப்போகும்: யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். 'பெயர்' என்ற சொல்லில் கணினி எண்ணுவது ஐந்து குறிகள், ஆக 45 எழுத்துகளாகப் பயணம் செய்யும். ஆனாலும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

அதே 1995-இல், மே மாதம், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். மோச்சா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பேர் மாறி டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. (பேர் வைப்பதில் அந்த மொழிக்கே ஏகப்பட்ட குழப்பம் என்பது தனிக்கதை.) அதன் முக்கியமான ஆரம்ப வேலைகளில் ஒன்று படிவத்தைச் சரிபார்ப்பது. மோடம் காலம் அது. ஒரு கட்டத்தை விட்டுவிட்டோம் என்று சர்வர் சொல்லித் தெரிந்துகொள்ள ஒரு நீண்ட காத்திருப்பு. பக்கத்திலேயே சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது!

அதற்கு நிரல், கட்டத்தைத் தொட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? ஏற்கெனவே ஒரு பேர் ஒட்டியிருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டார்கள். டாகுமென்ட், புள்ளி, படிவத்தின் பெயர், புள்ளி, கட்டத்தின் பெயர், புள்ளி, வேல்யூ. அவ்வளவுதான். நிரல் எழுதியே பழகாதவர்கள்கூடப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், அந்த எளிமையை இன்றும் குறை சொல்ல மனசு வராது.

கோளாறு எங்கே வந்ததென்றால், படிவம் என்ற பொருளுக்குச் சொந்தமாகவும் சில பெயர்கள் உண்டு. சப்மிட், ரீசெட் என்ற செயல்கள். ஆக்‌ஷன், மெத்தட், டார்கெட், நேம், லெங்த், எலிமென்ட்ஸ் என்ற பண்புகள். இவையும் புள்ளி வைத்துத்தான் கூப்பிடப்படும். ஆசாரி தன் உளியையும் சுத்தியலையும் மாட்டி வைத்திருக்கும் அதே ஆணிகளில் வாடிக்கையாளரின் பையையும் மாட்டச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஆணிக்கு இருவர் வந்தால் ஜெயிப்பது வாடிக்கையாளர். பக்கம் எழுதியவர் வைத்த பேர் மேலே வந்து, படிவத்தின் பிறவிப் பேரை மறைத்துவிடும். இன்றைய ஹெச்டிஎம்எல் தரநிலையிலும் அப்படித்தான். படிவத்துக்கு 'மரபுவழி மேலெழுதல்' என்ற பொருளில் ஒரு தனிக்குறிப்பே போட்டு இந்தப் பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் இதைப் படித்தபோது முட்டாள்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால் ஒரு நியாயமும் தெரிகிறது. ஹெச்டிஎம்எல் வளர வளரப் படிவத்துக்குப் புதுப்புதுப் பண்புகள் சேர்ந்தன, உதாரணமாக ஆட்டோகம்ப்ளீட். பல வருஷத்துக்கு முன்னால் எவரோ தன் கட்டத்துக்கு அதே பேரை வைத்திருந்தால்? பிறவிப் பேர்தான் ஜெயிக்கும் என்றிருந்தால் அந்தப் பழைய பக்கம் ஒருநாள் காலையில் காரணமே இல்லாமல் செத்துப்போயிருக்கும். வாடிக்கையாளர் ஜெயிப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. அதாவது, என் பொத்தானைப் பலிகொண்ட அதே விதி வேறு யாருடைய பக்கத்தையோ காப்பாற்றியிருக்கிறது. என்னைப் போல அவருக்கு அது தெரிய வந்திருக்காது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், கட்டங்களை மட்டும் தனியாக வைக்க ஒரு அலமாரி அந்தக் காலத்திலேயே இருந்தது. எலிமென்ட்ஸ் என்று பேர். அதன் வழியாகக் கூப்பிட்டால் சப்மிட் என்ற பேரில் சண்டையே வராது. ஆனால் அந்த அலமாரிக்கும் லெங்த் என்று ஒரு சொந்தப் பண்பு உண்டு, அங்கே ஜெயிப்பது பிறவிப் பேர்! லெங்த் என்று ஒரு கட்டம் இருந்தால், படிவத்திடம் லெங்த் கேட்டால் கட்டம் வரும், அலமாரியிடம் கேட்டால் எண்ணிக்கை வரும். ஒரே வீட்டில் இரண்டு அறைக்கு இரண்டு சட்டம். சரி, யாராவது ஒரு கட்டத்துக்கு 'எலிமென்ட்ஸ்' என்றே பேர் வைத்துவிட்டால்? அலமாரியே மறைந்துவிடும்.

இன்னொரு பிசாசு உண்டு. என்னைவிட மற்றவர்களை அது அதிகம் கடித்திருக்கும். ஒரே பேரில் பல கட்டங்கள் இருக்கலாம்: பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் கட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே பேர். அந்தப் பேரைச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு தொகுப்பைக் கொடுக்கும், லெங்த் கேட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தால் தொகுப்பு வராது, அந்த ஒற்றைக் கட்டமே வரும். அதற்கு லெங்த் கிடையாது. சுற்று ஒருமுறைகூட ஓடாது, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பக்கம் சாதிக்கும். சோதித்துப் பார்க்கும்போது யாரும் ஒற்றை வரி வைத்துப் பார்ப்பதில்லை. பத்து வரி வைத்துப் பார்த்து, எல்லாம் ஓகே என்று கிளம்பிவிடுவோம். ஒரே ஒரு பொருள் வாங்கியவர், ஒரே ஒரு பிள்ளையின் விவரம் போட்டவர், அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் சொன்னாலும் நாம் நம்ப மாட்டோம், நம் கணினியில்தான் சரியாக ஓடுகிறதே.

இதுவரை பக்கத்துக்குள் நடந்த சண்டை. சர்வர் பக்கத்தில் இன்னொரு எஜமானர் தன் விதியை எழுதிக்கொண்டிருந்தார்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி, படிவம் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு கட்டத்தின் பேரிலும் ஒரு மாறியை உண்டாக்கிக் கொடுக்கும் வழக்கத்தோடு வளர்ந்தது. கட்டத்தின் பேர் 'வயது' என்றால் நிரலில் 'வயது' தயாராக இருக்கும். சொகுசுதான். ஆனால் மாறியின் பேருக்கு மொழியின் இலக்கணம் உண்டு. பிஎச்பியில் புள்ளி என்பது இரண்டு சரங்களை ஒட்டும் குறி, ஆகவே பேரில் புள்ளி ஆகாது. என்ன செய்தார்கள்? வரும் பேரில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் சத்தமில்லாமல் அடிக்கோடாக மாற்றினார்கள். இதில் மாட்டிக்கொண்டது ஹெச்டிஎம்எல்லே. படப் பொத்தானை அமுக்கினால், படத்தில் எந்த இடத்தில் அமுக்கினோம் என்பதைப் பிரவுசர் 'பேர் புள்ளி எக்ஸ்', 'பேர் புள்ளி ஒய்' என்று இரண்டு பேரில் அனுப்பும். அது பிஎச்பிக்குள் 'பேர் அடிக்கோடு எக்ஸ்' என்று நுழையும். புள்ளி வைத்துத் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது.

இந்தச் சொகுசுக்கு வேறொரு விலையும் இருந்தது. படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தை யாராவது முகவரியில் தானாகச் சேர்த்து, 'அட்மின் சமம் 1' என்று அனுப்பினால், நிரலுக்குள் அந்தப் பேரிலும் ஒரு மாறி முளைத்துவிடும். கவனக்குறைவாக எழுதிய நிரல் அதை நம்பிவிடும். பேர் வைக்கும் உரிமை வெளியாளுக்குப் போய்விட்டது. 2002-இல் வந்த பிஎச்பி 4.2.0-வில் அந்த வசதியை இயல்பாக அணைத்து வைத்தார்கள், 2012-இல் 5.4-இல் அடியோடு நீக்கினார்கள். காரணம் போய்விட்டது. ஆனால் புள்ளியை அடிக்கோடாக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. மாமியார் காலத்தில் பூனையைக் கட்டிவைத்துச் சமைத்த வீட்டில், பூனை செத்த பிறகும் கயிறு தொங்குகிற மாதிரி.

ஒரே பேரில் பல மதிப்புகள் வந்தால் பிஎச்பி கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். எல்லாம் வேண்டுமென்றால் பேரின் முடிவில் ஒரு சதுர அடைப்புக்குறி ஜோடி போடச் சொன்னார்கள். ஹெச்டிஎம்எல்லுக்கு அது வெறும் எழுத்து, ஆட்சேபணை இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் புள்ளி வைத்து அந்தப் பேரைக் கூப்பிடவே முடியாது, அது மொழிப்பிழை. எலிமென்ட்ஸ் அலமாரியில் மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூப்பிட வேண்டும். பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும் சேர்ந்து பழகிய யாரைக் கேட்டாலும் இதில் ஒரு மதியத்தையாவது தொலைத்த கதை சொல்வார்கள்.

சட்டம் எழுத யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1999 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.01-இல், பெயர் என்ற வகைச் சொல் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும், பிறகு எழுத்து, எண், இணைகோடு, அடிக்கோடு, முக்காற்புள்ளி, புள்ளி மட்டும் வரலாம் என்று ஒரு பத்தி இருக்கிறது. ரொம்பப் பேர் இதைக் கட்டங்களுக்கான விதி என்று எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். உண்மையில் அதே ஆவணத்தில் கட்டத்தின் நேம் பண்பு வேறு வகை. எந்தச் சரமும் ஆகும். அந்த விதி ஐடிக்கும் வேறு சிலவற்றுக்கும் மட்டும்தான். 'நேம்' என்ற பண்பும் 'நேம்' என்ற வகையும் வேறுவேறு! பேர் வைப்பதற்கான விதியிலேயே பேர்க் குழப்பம்.

அதைவிட லட்சியமான முயற்சி ஒன்று அதே வருஷம் அக்டோபரில் நடந்தது. இணையக் கடைகள் முளைத்த நேரம். ஒவ்வொரு கடையிலும் முகவரியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. எல்லாக் கடைகளும் கட்டங்களுக்கு ஒரே பேரை வைத்துவிட்டால் மென்பொருளே நிரப்பிவிடுமே? ஆர்எஃப்சி 2706 அந்தப் பேர்களைப் பட்டியல் போட்டது. 'ஈகாம்_ஷிப்டூ_போஸ்டல்_சிட்டி' என்ற தினுசில் இருக்கும். 2001-இலும் 2005-இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. ஆனால் எந்தக் கடைக்காரரும் தன் தரவுத்தளத்தோடு ஒட்டிப் பிறந்த பேர்களை விட்டு இதற்கு மாறக் காரணம் எனக்குத் தெரியவில்லை. மாறினால் சர்வர் நிரல் முழுக்கத் திருத்த வேண்டும். பேர் ஏற்கெனவே சர்வருக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வாக்குப்பட்டிருந்தது, மூன்றாவதாக ஒரு வேலைக்கு அது எங்கே போகும்?

கடைசியில் வந்த தீர்வு பேரை விட்டு விலகி நின்றது. முதலில் ஆன், ஆஃப் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஆட்டோகம்ப்ளீட் என்ற பண்பில், இந்தக் கட்டத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் நிலையான சொற்களைச் சேர்த்தார்கள்: தொலைபேசி, அஞ்சல் குறியீடு, அட்டை எண், முதற்பெயர், குடும்பப்பெயர். (நம் இனிஷியலுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.)

அப்படியானால் இன்றைய தரநிலையில் கட்டத்தின் பெயருக்கு என்னதான் விதி? வெறுமையாக இல்லாத எந்தப் பேரும் சரி. விலக்கு இரண்டே. '_கேரக்டர்செட்_' என்பதைச் சுருக்கி முன்னும் பின்னும் அடிக்கோடு போட்ட ஒரு பேர்: மறைகட்டத்துக்கு அதை வைத்தால் பிரவுசரே எழுத்துக் குறியாக்கத்தின் பேரை நிரப்பும். இன்னொன்று 'ஈஸ்இண்டெக்ஸ்'. படிவங்களுக்கும் முந்தைய தேடல் கட்டம் அது. பேரே இல்லாமல் மதிப்பை மட்டும் அனுப்பும். அந்தக் கட்டத்தையே தரநிலையில் இருந்து எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பேரை வேறு யாரும் வைக்கக் கூடாதாம். சப்மிட்? தாராளமாக வைக்கலாம்.

அதே தரநிலையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டத்தை ஒரு முறை பழைய பேரில் படிவம் வழியாகக் கூப்பிட்டிருந்து, பிறகு ஸ்கிரிப்ட் அதன் பேரை மாற்றினாலும், பழைய பேருக்கும் அது வந்து நிற்கும். கடந்தகாலப் பேர்கள் என்று ஒரு பதிவேடே படிவம் வைத்திருக்கிறது. ஊரில் கெசட்டில் பேர் மாற்றியவரைப் பள்ளிக்கூடத்து நண்பன் பழைய பேரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே, அதுதான்.

இதெல்லாம் வெறும் எரிச்சல் என்று நினைத்த காலமும் போய்விட்டது. பக்கத்தில் நுழையும் அந்நிய ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் நிரல்கள் ஸ்கிரிப்டை வெட்டும், நேமையும் ஐடியையும் பல நேரம் விட்டுவிடும். வெறும் சீட்டுதானே! ஆனால் ஐடி கொண்ட உறுப்புகள் அந்தப் பேரில் ஜன்னல் முழுமைக்கும் மாறிகளாகவும் தெரியும், இது எக்ஸ்புளோரர் தொடங்கிய பழக்கம். ஆக, ஸ்கிரிப்டே இல்லாமல் பேர் மட்டும் வைத்து ஒரு பக்கத்தின் நிரலை ஏமாற்றலாம். 2019-இல் மிஹாவ் பென்ட்கோவ்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஜிமெயிலின் இயங்கும் மின்னஞ்சல் வசதியில் இதைச் செய்து காட்டினார். 'ஏஎம்பி_மோடு' என்ற ஐடி கொண்ட ஒரு உறுப்பை மின்னஞ்சலில் வைத்தால், அதே பேரில் அமைப்பைத் தேடும் நிரல் அந்த உறுப்பை எடுத்துக்கொண்டது. ஆபத்தான சில பேர்களை அவர்கள் ஏற்கெனவே தடுத்திருந்தார்கள், இந்த ஒன்று விட்டுப்போயிருந்தது. கூகுள் பிறகு சரிசெய்துவிட்டது.

சரி, அந்த உதவித்தொகைப் படிவத்துக்கு வருவோம். காரணம் புரிந்ததும் பொத்தானின் பேரை அழித்தேன். அமுக்கினேன், போனது. அப்பாடா என்று பார்த்தால் திரும்பவும் காலிப் படிவம்! சர்வரில் இருந்த பிஎச்பியைத் திறந்தேன். முதல் வரியிலேயே 'சப்மிட் என்ற பேரில் ஏதாவது வந்திருந்தால் மட்டும் பதிவு செய்' என்று இருந்தது. அந்நாளைய பாடப் பக்கங்களில் எல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அத்தனை பொத்தான்களுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டதே அதனால்தான். கூத்து என்னவென்றால், ஸ்கிரிப்ட் மூலம் படிவத்தை அனுப்பும்போது பொத்தானின் பேர் மூட்டையில் ஏறவே ஏறாது. ஆகவே பேரை அழிக்காமல் விட்டு, என் முதல் நிரல் எப்படியோ ஓடியிருந்தாலும் சர்வர் அதைக் குப்பையில்தான் போட்டிருக்கும்.

சர்வரில் அந்த வரியை மாற்றி, படிவம் போஸ்ட் முறையில் வந்ததா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அறக்கட்டளைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கடைசித் தேதியை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "பட்டனுக்கு வெச்ச பேர் சரியில்லீங்க" என்றேன். அவர் ஜாதகம் பார்த்தீங்களா என்று கேட்டுச் சிரித்தார். தேதியைத் தள்ளி வைத்தார்.